டெல்ஃப்ட் நகரம் முதல் தேயிலைத் தோட்டம் வரை: ஈறு நோயின் சரித்திரம்



மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "ஹாஸ்டல் மெஸ் சாம்பார், அரியர்ஸ், கட் அடிச்சுட்டு சினிமா போனது, இது மூணும் ஏற்கெனவே ஏழு பேர் எழுதிட்டாங்க. நீ வேற ஏதாவது எழுது." சரி என்று ஒப்புக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பக்கங்களில் சம்பந்தா சம்பந்தமில்லாமல் பல்லும் ஈறும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சிவில் இன்ஜினீயருக்கு வாய்க்குள் என்ன வேலை என்று கேட்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேலை இருக்கிறது.

நாம் கல்லூரியை விட்டு வெளியே வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினைந்து ஆண்டில் தலையிலிருந்து என்ன போயிற்று, இடுப்பில் என்ன சேர்ந்தது என்பதெல்லாம் குரூப் போட்டோவில் தெரிந்துவிடும். வாய்க்குள் என்ன நடந்தது என்பது எந்தப் போட்டோவிலும் தெரியாது. ஆனால் சரியாகப் பதினைந்து ஆண்டுகள், ஒரே மனிதர்களின் ஈறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைத்த ஓர் ஆராய்ச்சி உலகத்தில் நடந்திருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய் பற்றிப் பாடம் நடந்தாலும் அந்த ஆராய்ச்சியைத் தொடாமல் போக முடியாது. அந்த மனிதர்கள் தமிழர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பாலமும் பல்லும்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்தது ஞாபகம் இருக்கலாம். ஆற்று வெள்ளம் பெரும்பாலும் தூணை மோதி உடைப்பதில்லை. தூணுக்கு அடியிலிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். தூண் முழுசாகத்தான் இருக்கும். நிற்பதற்குத்தான் பிடிமானம் இருக்காது. நம் பாடத்தில் இதற்கு ஸ்கவர் என்று பெயர்.

பல்லுக்கு வரும் வியாதிகளையும் இப்படி இரண்டாகப் பிரித்துவிடலாம். சொத்தை என்பது தூணில் வரும் வியாதி. ஈறு நோய் என்பது அஸ்திவாரத்தில் வரும் வியாதி.

ஒவ்வொரு பல்லையும் சுற்றி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய ஒரு பள்ளம் உண்டு. நல்ல ஆரோக்கியத்தில் அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாகப் படிகின்றன. அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுப்புகள் சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். அதுதான் காறை. ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். இது முதல் கட்டம். இதுவரைக்கும் பயமில்லை, சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் கட்டத்தில்தான் வினை. பல்லின் வேரைத் தாடை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்கள் அறுந்து, எலும்பும் கரையத் தொடங்கும். பள்ளம் பையாக மாறும். பைக்குள் பிரஷ் போகாது. எலும்பைக் கரைப்பது கிருமி மட்டும் இல்லை. கிருமியை விரட்ட வந்த நம் உடம்பின் பாதுகாப்புப் படையே சண்டையின் வேகத்தில் சொந்த வீட்டை இடித்துவிடுகிறது. இப்படிக் கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. நம் தாத்தா பாட்டிகள் 'பயோரியா' என்று சொன்னது இதைத்தான். பெரிய ஆபத்து என்னவென்றால், வலி இருக்காது. பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியும்.

துணி வியாபாரி எழுதிய கடிதம்

பல்லைத் தேய்க்க வேண்டும் என்பது மனிதனுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஆலும் வேலும் என்று நம் ஊர்ப் பழமொழியே இருக்கிறது. அந்த வேல் என்பது வேம்பு இல்லை, கருவேலம். ஆனால் தேய்க்கும்போது என்ன போகிறது என்று முதலில் கண்ணால் பார்த்தவர் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்த ஆண்டனி வான் லீவன்ஹூக். காலேஜ் வாசலை மிதிக்காதவர். லத்தீன் தெரியாது. ஆனால் தன் கையாலேயே கண்ணாடி தேய்த்துச் செய்த சின்ன பூதக்கண்ணாடிகளில் அந்தக் காலத்தில் வேறு யாரும் பார்க்காததை எல்லாம் பார்த்தார்.

1683 செப்டம்பர் 17 அன்று அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 50. தினமும் காலையில் உப்புப் போட்டுப் பல் தேய்ப்பதாகவும், சாப்பிட்ட பிறகு கடைவாய்ப் பல்லைக் குச்சியால் குத்தித் துணியால் துடைப்பதாகவும், அதனால் தன் பல் சுத்தமாக இருப்பதாகவும் பெருமையாகவே எழுதினார். அப்படியும் இரண்டு பல்லுக்கு நடுவில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் கலந்து கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், நெளிந்தும் சுழன்றும் ஓடுகிற உயிர்கள்! தன் வாயில் இருக்கிற ஜீவராசிகள் தன் தேசத்து ஜனத்தொகையைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார்.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த உயிர்கள்மேல் வினிகரை ஊற்றினார், செத்துப்போயின. ஆனால் வினிகரால் வாய் கொப்பளித்த பிறகு பல்லில் இருந்த மாவை எடுத்துப் பார்த்தால், உள்ளே உயிரோடு இருந்தன. வினிகர் மேலே இருப்பதைத்தான் கொல்கிறது, படலத்துக்குள் ஊடுருவிப் போவதில்லை என்று முடிவு கட்டினார். 300 வருடத்துக்கும் மேலாகிவிட்டது. கலர் கலராக பாட்டிலில் விற்கிற மவுத் வாஷை மட்டும் நம்பி பிரஷ்ஷைத் தள்ளி வைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இன்னும் யாரும் சொல்லவில்லை. கொப்பளித்தால் மட்டும் போகாது. தேய்த்தால்தான் போகும்.

ஒரே ஒரு குறை. இந்த உயிர்களால்தான் ஈறு கெடுகிறது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு மேலும் 280 வருடம் தேவைப்பட்டது.

ரிக்ஸ் வியாதி

1728-இல் பாரிஸில் பியர் ஃபோஷார் என்பவர் பல் மருத்துவத்துக்கென்றே பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். பல் மருத்துவம் ஒரு தனிச் சாஸ்திரமானது அதிலிருந்துதான். அதற்கு நூற்றைம்பது வருஷம் கழித்து, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஜான் ரிக்ஸ் என்ற பல் டாக்டர் ஒரு விஷயத்தைப் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈறு கெடுவதற்குக் காரணம் பல்லில் ஒட்டியிருக்கும் காறைதான். ஈறை அறுக்க வேண்டாம், காறையைச் சுரண்டி எடுத்து, நோயாளியைச் சுத்தமாக இருக்கச் சொல்லுங்கள், போதும் என்பது அவர் கட்சி. இன்று கிளினிக்கில் நாம் 'ஸ்கேலிங்' என்று சொல்வதன் மூதாதை அவர்தான். ரொம்ப நாள் அமெரிக்காவில் இந்த நோய்க்கே 'ரிக்ஸ் வியாதி' என்று பெயர் இருந்தது.

இதே ரிக்ஸ்தான் 1844 டிசம்பர் 11 அன்று, சிரிப்பு வாயுவைச் சுவாசித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஹோரஸ் வெல்ஸ் என்ற சக பல் டாக்டருக்குப் பல் பிடுங்கியவர். மயக்க மருந்து சரித்திரத்தில் மைல்கல் அது. ஆக, இரண்டு பெரிய கதைகளில் நடித்தும் பெயர் மறந்துபோன மனிதர்.

பல்லைப் பிடுங்கிய காலம்

இனி வருவது கொஞ்சம் பயங்கரமான அத்தியாயம்.

பெர்லினில் ராபர்ட் காக்கின் கிருமி சாஸ்திரத்தில் ஊறிய டபிள்யூ. டி. மில்லர் என்ற அமெரிக்கர், 1890-இல் வாயிலுள்ள கிருமிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே, வாய் என்பது உடம்பின் மற்ற பாகங்களுக்குத் தொற்று பரப்பும் கேந்திரம் என்று கட்டுரை எழுதினார். 1900-இல் லண்டன் டாக்டர் வில்லியம் ஹண்டர், வாயில் உள்ள சீழ்தான் பல வியாதிகளுக்குக் காரணம் என்றார். 1910-இல் கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, தங்க கிரீடங்களுக்கும் பிரிட்ஜ்களுக்கும் அடியில் சீழைப் பூட்டி வைக்கிறார்கள் என்று பல் டாக்டர்களை ஒரு பிடி பிடித்தார்.

சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் கொஞ்ச உண்மையைப் பிடித்துக்கொண்டு உலகம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. வயிற்று வலியா, பல்லைப் பிடுங்கு. காரணம் தெரியாத காய்ச்சலா, வரிசையாகப் பிடுங்கு. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ட்ரெண்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன் என்பவர், பைத்தியத்துக்கே காரணம் மறைந்திருக்கும் சீழ்தான் என்று நம்பி, நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். அதில் குணமாகவில்லை என்றால் டான்சில், அதற்கும் மேலே போய்ப் பெருங்குடல். எத்தனையோ பேர் ஆபரேஷனிலேயே உயிரை விட்டார்கள்.

இந்த ஓட்டத்துக்கு பிரேக் போட்டது சாதாரணக் கணக்குதான். 1938-இல் ரஸ்ஸல் சீசில், ஆஞ்சவைன் என்ற இரண்டு டாக்டர்கள், முடக்குவாதம் வந்த 200 நோயாளிகளின் விவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார்கள். பல்லும் டான்சிலும் எடுத்ததால் முடக்குவாதம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. இதில் சீசில் முன்பு அந்தக் கொள்கையை ஆதரித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அதன் பிறகு மெல்ல மெல்ல அந்த வெறி அடங்கிற்று.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: அம்பது வருடமாக எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்களே தவிர, உட்கார்ந்து அளந்தவர்கள் குறைவு. ஸைட்டில் லெவல் எடுக்காமல் கான்கிரீட் போட்ட கதைதான்.

பல் துலக்காத பன்னிரண்டு பேர்

அளக்க ஆரம்பித்தவர் ஹரால்ட் லோ. நார்வேக்காரர். 1960-களில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்தார். அவரும் அவருடைய சகாக்களும் 1965-இல் வெளியிட்ட சோதனை எவ்வளவு எளிமை என்று பாருங்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பிடித்து, "தயவுசெய்து பல் துலக்காதீர்கள்" என்று சொன்னார்கள். அவ்வளவுதான்!

பத்து நாளிலிருந்து 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. ஒருவர் பாக்கியில்லை. பல்லில் படிந்த கிருமிகளின் ஜாதியும் நாளுக்கு நாள் மாறியது. முதலில் உருண்டைக் கிருமிகள், பிறகு நூல் போன்றவை, கடைசியில் சுருள் சுருளாக நெளிபவை. மறுபடி பல் துலக்கச் சொன்னார்கள். சுமார் ஒரு வாரத்தில் எல்லாருடைய ஈறும் பழையபடி ஆகிவிட்டது.

லீவன்ஹூக் பார்த்த உயிர்களுக்கும் ஈறு வீக்கத்துக்கும் முடிச்சு விழுந்தது இங்கேதான். ஆனால் இது முதல் கட்டத்துக்கு மட்டும்தான் பதில். இரண்டாம் கட்டம், அதாவது எலும்பு கரைந்து பல் விழுவது, 21 நாளில் நடக்கிற காரியம் இல்லை. அதற்கு வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். வாழ்நாளில் பல் டாக்டரையே பார்க்காத, பிரஷ்ஷைத் தொடாத மனிதர்கள் வேண்டும். சோதனைக்காக யாரையும் பதினைந்து வருடம் பல் துலக்காமல் இருக்கச் சொல்ல முடியுமா? முடியாது. அப்படி ஏற்கெனவே இருப்பவர்களைத் தேட வேண்டும்.

தேடினார்கள். இலங்கை மலையகத்தில் கிடைத்தார்கள்.

மலையகத்தில் பதினைந்து ஆண்டுகள்

19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் இலங்கை மலைகளில் முதலில் காப்பியும், பிறகு தேயிலையும் போட்டபோது, காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் கங்காணிமார் மூலம் கூட்டிப் போனது நம் ஜில்லாக்களிலிருந்துதான். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே லயங்களில் பிறந்து லயங்களில் வளர்ந்தார்கள்.

1970-இல் லோவின் குழு டன்சினன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. 14 வயதுப் பையன்களிலிருந்து முப்பது வயதை ஒட்டியவர்கள் வரை. அதற்கு முந்திய ஆண்டு நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் படித்த மாணவர்கள், ஆசிரியர்கள் என்று 565 ஆண்களைப் பரிசோதித்திருந்தார்கள். அவர்கள் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலேயே பல் மருத்துவ வசதி பெற்றவர்கள். ஒரு பக்கம் உலகத்திலேயே நன்றாகக் கவனிக்கப்பட்ட பற்கள். இன்னொரு பக்கம் யாருமே கவனிக்காத பற்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை போய், அதே மனிதர்களை, அதே பற்களை, அதே அளவுகோலால் அளந்தார்கள். 1985 வரைக்கும் அளந்தார்கள்.

அளந்தது எதை? ஈறு பல்லைப் பிடித்திருக்கிற இடம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்பதை. அதாவது, தூணைச் சுற்றி எவ்வளவு மண் போயிருக்கிறது என்ற அதே கணக்கு.

1978-இல் வந்த முடிவு: நாற்பது வயதை நெருங்கும்போது நார்வேக்காரருக்குச் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் பிடிமானம் போயிருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு நாலரை மில்லிமீட்டர். பல் இடுக்குகளில் தேய்மான வேகம் நார்வேக்காரருக்கு வருடத்துக்கு 0.08 மில்லிமீட்டர், தொழிலாளிக்கு 0.30. கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இதுவரை எல்லாரும் எதிர்பார்த்ததுதான். 1986-இல் வந்த முடிவுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்தத் தொழிலாளர்கள் எல்லார் பல்லிலும் காறை இருந்தது. எல்லார் ஈறும் வீங்கியிருந்தது. ஒரே தோட்டம், ஒரே வேலை, கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு. அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி பல் விழ வேண்டும் அல்லவா? விழவில்லை. அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள்.

நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு நோய் தலைதெறிக்க ஓடியது. 35 வயதில் 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13 மில்லிமீட்டர் பிடிமானம் போயிற்று. பல்லின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்! இவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35-இல் 12 பல் போயிற்று, 40-இல் 20 பல், 45-இல் வாயில் ஒரு பல் இல்லை.

நூற்றுக்குச் சுமார் 81 பேருக்கு நோய் நிதானமாக நடந்தது. 30 வயதுக்கு மேல் பல் விழ ஆரம்பித்து, 45-இல் சராசரி 7 பல் போயிருந்தது.

மீதி சுமார் 11 பேருக்கு ஈறு வீக்கம் மட்டும்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிரஷ்ஷே தொடாமல் 35 வயதிலும் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை!

இவர்களுக்குச் சொத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எனவே விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால்தான் விழுந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. கிருமிப் படலம் இல்லாமல் ஈறு நோய் இல்லை. ஆனால் படலம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை, அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற இன்றைய அறிவுக்கு இந்தத் தோட்டங்கள்தான் பெரிய ஆதாரம். ஒரே லாட்டில் வந்த கம்பி, ஒரே லோடு, ஆனால் ஒன்று சீக்கிரம் அலுத்து முறியும், இன்னொன்று நின்று பிடிக்கும் என்று நமக்கு லேபில் காட்டுவார்களே, அந்த மாதிரி. எந்தக் கம்பி எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

'இயற்கை' என்ற வார்த்தை

இந்த ஆராய்ச்சிக்கு ஆங்கிலத்தில் வைத்த தலைப்பின் அர்த்தம் 'மனிதனில் ஈறு நோயின் இயற்கையான போக்கு' என்பது. நான் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு இயற்கை இது?

1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. லோவின் குழு மில்லிமீட்டர் அளந்த அதே ஆண்டுகளில்தான் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள் பலர். 1974-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். 1977-இலும் 1983-இலும் கலவரம். 1970-இல் பரிசோதித்த 480 பேரில், 1985-இல் கடைசிப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 161 பேர்தான். வராதவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணங்களை நம்மால் ஓரளவு ஊகிக்க முடியும்.

நார்வேயில் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் வந்ததும் இயற்கை இல்லை. ஓர் அரசாங்கம் செய்த ஏற்பாடு. லயத்துக்குப் பல் டாக்டர் வராததும் இயற்கை இல்லை. யாரோ செய்யாமல் விட்ட ஏற்பாடு. ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அவர்கள் அளந்திருக்காவிட்டால் இந்த உண்மைகள் உலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் 45 வயதில் ஒரு பல்லும் இல்லாமல் போனவர், காய்ந்த ரொட்டியை எப்படித் தின்றிருப்பார் என்று எந்த அட்டவணையிலும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். பரிசோதித்தது ஆண்களை மட்டும். மலையில் கொழுந்து பறிக்கிற கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. அவர்களுடைய பல்லின் கதையை அந்த ஆராய்ச்சி எழுதவில்லை.

2010-இல் மறுபடியும் ஒரு குழு போனது. பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளில் சராசரியாக 13 பல் போயிருந்தது. ஒரு பல்கூட விழாதவரும் அதில் இருந்தார். 28 பல்லை இழந்தவரும் இருந்தார். நோயை ஆரம்பித்து வைப்பதில் காறைக்கும் புகைப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது அதில் தெரிந்தது.

இதயமும் சர்க்கரையும்

'வாய் கெட்டால் உடம்பு கெடும்' என்ற பழைய பேச்சு 1989-இல் புது வடிவத்தில் திரும்பி வந்தது. மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்ட ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், மாரடைப்பு வந்தவர்களின் பல் நிலை மோசமாக இருப்பதைப் பார்த்தார்கள். 1993-இல் நம் ஹரால்ட் லோவே, ஈறு நோயைச் சர்க்கரை வியாதியின் ஆறாவது சிக்கல் என்று கட்டுரை எழுதினார்.

ஆனால் இந்த முறை உலகம் பல்லைப் பிடுங்க ஓடவில்லை. அளந்து பார்த்தது. 2006-இல் கர்ப்பிணிப் பெண்கள் 823 பேரை வைத்துச் செய்த சோதனையில், கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை செய்வதால் குறைப்பிரசவம் குறையவில்லை என்று தெரிந்தது. 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம், ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்று அறிவித்தது. இரண்டுக்கும் பொதுவாகச் சிகரெட், சர்க்கரை, வயது என்று பல காரணங்கள் இருக்கின்றன அல்லவா?

சர்க்கரை விஷயத்தில் மட்டும் கை கொஞ்சம் பலமாக இருக்கிறது. இது இரு வழிப் பாதை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று நாலு மாதத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று காட்டியது. சின்ன எண்தான். ஆனால் வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை இருக்கிற நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, நமக்கு

நம் பேட்ச்சில் அந்த 8 பேர் யார், அந்த 11 பேர் யார் என்று இன்றைக்குப் பார்த்துச் சொல்ல முடியாது. "எங்க தாத்தா பல்லே தேய்க்க மாட்டார், தொண்ணூறு வயசுல முறுக்கு கடிச்சார்" என்று ஒருத்தன் சொல்லுவான். நிஜம்தான். அவர் 11-இல் ஒருவர். நீயும் அப்படித்தான் என்று எவன் கேரண்டி கொடுத்தான்?

ஆகவே சில விஷயங்கள். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், துலக்குவதை நிறுத்தாதீர்கள். பல் டாக்டரிடம் போங்கள். ரத்தம் என்பது ஈறு அடிக்கிற மணி. சிகரெட் குடிப்பவர்களுக்கு அந்த மணிகூடச் சரியாக அடிக்காது. புகையால் ரத்தக்கசிவு குறைந்து நோய் மறைந்துகொள்ளும். இரண்டு வேளை துலக்குங்கள், பல் இடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். "ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்" என்று பயப்படாதீர்கள். இவ்வளவு நாள் காறை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே போன பிடிமானம் தெரிகிறது, அவ்வளவுதான். முட்டு வேறு, அஸ்திவாரம் வேறு என்று நமக்கா தெரியாது?

இன்னொரு வேண்டுகோள். அடுத்த தடவை பல் டாக்டரிடம் போகும்போது, "ஈறு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். மெல்லிய அளவுக் கம்பியை ஈறோரம் விட்டு அவர் சொல்லிவிடுவார். மூன்று வரை சரி. நாலு, ஐந்து என்றால் கவனம். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, மறு வருஷம் மறுபடி கேளுங்கள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உலகம் தெரிந்துகொண்டதில், பிரஷ் இல்லாமல், டாக்டர் இல்லாமல், நாடுகூட இல்லாமல் வாயைத் திறந்து காட்டிய தோட்டத்துத் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. அதை நாம் மறக்க வேண்டாம்.

நண்பர்கள் எல்லாருக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும் என் அன்பும் வாழ்த்துக்களும். இருபத்தைந்தாம் ஆண்டு சந்திப்பில், சொந்தப் பல்லோடு சிரித்துச் சந்திப்போம்.